தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகளின் பிழைகள் அனைத்தையும் சிவப்பு மையால் ஒரேமாதிரி வட்டமிட்டு, சரியான சொல்லைப் பத்து முறை எழுதிவரச் சொல்வதே இன்றும் பல வகுப்பறைகளில் நடக்கிறது. அப்படி எழுதிவரும் பிள்ளையின் அருகில் அமர்ந்து கவனித்தால், அது சொல்லை எழுதவில்லை என்பது தெரியும்: முதல் எழுத்தைப் பத்து வரிகளிலும் மேலிருந்து கீழாக எழுதி, பிறகு இரண்டாம் எழுத்தைப் பத்து வரிகளிலும் எழுதி, இப்படியே பக்கத்தை நிரப்பிவிடுகிறது. சொல்லின் ஒலியும் பொருளும் அந்தப் பக்கத்தில் ஒருமுறைகூட அதன் மனத்தைத் தொடுவதில்லை. ‘பள்ளி’ என்பதைப் ‘பளளி’ என்று எழுதும் பிள்ளைக்கும், ‘பல்லி’ என்று எழுதும் பிள்ளைக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. ஆகவே பிழையைத் திருத்துவதற்கு முன் அது கண்ணிலிருந்து வருகிறதா, காதிலிருந்து வருகிறதா, கையிலிருந்து வருகிறதா, வீட்டுப் பேச்சிலிருந்து வருகிறதா என்று கண்டறிய வேண்டும். ஆசிரியருக்கும், மாலையில் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் செய்யும் பெற்றோருக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

பிள்ளையின் குறிப்பேட்டிலிருந்து ஒரு வாரத்துப் பிழைகளை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம், பிள்ளை எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். பிறகு அந்தச் சொற்களில் ஆறு அல்லது ஏழை மூன்று வகையில் எழுதச் செய்யுங்கள். ஒன்று, அருகிலிருக்கும் தாளைப் பார்த்து எழுதுதல். இரண்டு, நீங்கள் சொல்லக் கேட்டு எழுதுதல். மூன்று, அந்தச் சொல் வரும்படி பிள்ளையே ஒரு வாக்கியம் எழுதுதல்.

பார்த்து எழுதுவதிலேயே பிழை வந்தால், எழுத்தின் வடிவத்திலோ கண்ணிலோ சிக்கல் உள்ளது. பார்த்து எழுதும்போது சரியாகவும் கேட்டு எழுதும்போது தவறாகவும் வந்தால், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இணைப்பு இன்னும் உறுதிப்படவில்லை. இரண்டிலும் சரியாக எழுதிவிட்டு வாக்கியத்தில் மட்டும் தவறினால், பேச்சு வழக்கு குறுக்கிடுகிறது, அல்லது பிள்ளையின் கவனம் முழுவதும் கருத்தைக் கோப்பதில் செலவாகிவிடுகிறது. கடைசியாக, பிள்ளை எழுதியதை அதனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாளில் உள்ளதைப் படிக்காமல் தாம் எழுத நினைத்ததையே படிப்பார்கள். அப்போது நீங்கள் தாளை வாங்கி, எழுதியுள்ளபடியே, ‘ப-ள-ளி’ என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினால், பிள்ளை தானாகவே ‘அங்கே புள்ளி வேண்டும்’ என்று சொல்லும். பல பிழைகள் இந்த ஒரு செயலிலேயே நீங்கிவிடும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுவதால், இந்தச் சோதனையையும் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக நடத்துவது எளிது. ஆனால் ஒரே நிலையில் உள்ள இரு பிள்ளைகளின் பிழைகளுக்கும் ஒரே காரணம்தான் இருக்கும் என்று கொள்ள வேண்டாம்.

அறிகுறி: புள்ளி விடுபடுகிறது, அல்லது தேவையற்ற இடத்தில் வருகிறது

‘அமமா’, ‘படடம்’, ‘பளளி’ போன்ற பிழைகளுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள். ‘ப, ட், ட, ம்’ என்று சரியாகப் பிரித்தால் காது நன்றாக உள்ளது, கைதான் பழகவில்லை. இத்தகைய பிள்ளை சொல் முழுவதையும் எழுதி முடித்துவிட்டுப் புள்ளி வைப்பதற்காகத் திரும்பி வருகிறது. வரும் வழியில் ஒன்றிரண்டை மறந்துவிடுகிறது. மெய்யெழுத்தை எழுதியவுடன், அடுத்த எழுத்துக்குச் செல்வதற்கு முன்பே புள்ளியை வைத்துவிடும் பழக்கத்தை உண்டாக்கினால் போதும்.

‘ப, ட, ட, ம’ என்று பிரித்தால், மெய்யொலிக்கும் உயிர்மெய்யொலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை இன்னும் கேட்கவில்லை என்று பொருள். அதற்குப் புள்ளியைப் பற்றி எவ்வளவு நினைவூட்டினாலும் பயனில்லை. பல், பல, படம், பட்டம், பாடு, பாட்டு, எடு, எட்டு என்னும் இணைகளைச் சொல்லி, எது சொல்லப்பட்டது என்று படத்தையோ பொருளையோ காட்டச் செய்யுங்கள். எழுத வேண்டியதே இல்லை. காது தேறிய பிறகு எழுதச் சொன்னால் புள்ளி தானாக வரும்.

மெய்யெழுத்துப் பாடம் முடிந்த புதிதில் சில பிள்ளைகள் எல்லா எழுத்துகளுக்கும் புள்ளி வைக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லலாம்: தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது; தனியாக நிற்கும் தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் முடியாது. ‘மார்க்’ போன்ற பிறமொழிச் சொற்கள் இதற்கு விலக்கு என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பதால் முன்னோர் பெரும்பாலும் புள்ளியில்லாமலே எழுதினார்கள். படிப்பவர் மொழியறிவால் ஈடுசெய்துகொண்டார். தான் எழுதியதைப் புள்ளியில்லாமலே சரியாகப் படித்துவிடும் பிள்ளையும் அதைத்தான் செய்கிறது. அதன் மொழியறிவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

அறிகுறி: கொம்பும் காலும் இடம் மாறுகின்றன, குறிலும் நெடிலும் மயங்குகின்றன

‘கெ’ என்னும் எழுத்தில் ககர ஒலி முதலிலும் எகர ஒலி பிறகும் கேட்கின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னாலும் ககரம் பின்னாலும் நிற்கின்றன. ‘கொ’ என்பதில் ஒரே உயிரொலியின் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து கிடக்கிறது. காதால் கேட்ட வரிசையிலேயே எழுதும் பிள்ளை ககரத்தை எழுதிவிட்டுக் கொம்பை வலப்புறம் போடுவதில் வியப்பில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், இணைக்கொம்பு ஆகியவற்றையும் சில மெய்களையும் தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கொடுத்து, ‘கொடி’, ‘செடி’, ‘தேள்’, ‘கோழி’ என்று பிள்ளையே அடுக்கிப் பார்க்கச் செய்யுங்கள். தவறாக அடுக்கியதை அழிக்க வேண்டியதில்லை. அட்டையை நகர்த்தினால் போதும் என்பதால் அச்சம் இருக்காது.

‘தேன்’ என்பதைத் ‘தென்’ என்றும், ‘கோடி’ என்பதைக் ‘கொடி’ என்றும் எழுதும் பிள்ளைக்கு வேறு சோதனை வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்ல, குறிலுக்கு விரல்களைச் சேர்த்தும் நெடிலுக்குக் கையை நீட்டியும் காட்டச் சொல்லுங்கள். எடு, ஏடு, கொடி, கோடி, விடு, வீடு, முடி, மூடி, மெல், மேல். கை சரியாக நீண்டும் எழுத்து தவறினால், இரட்டைக்கொம்பின் வடிவம்தான் மனத்தில் பதியவில்லை. அந்த ஒரு வடிவத்துக்குப் பயிற்சி கொடுங்கள். கையே தவறினால் எழுத்தை விட்டுவிட்டு ஒலிக்குத் திரும்புங்கள். பழங்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளியிட்டு வேறுபடுத்தினார்கள். நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்னும் இன்றைய ஏற்பாடு வீரமாமுனிவர் (1680–1747) செய்த சீர்திருத்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மொழியே இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதிக்காட்ட நெடுங்காலம் எடுத்துக்கொண்டது என்பதால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சில மாதங்கள் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால் ‘மௌனம்’ என்பதைப் பிள்ளைகள் ‘மெளனம்’ என்று படிப்பார்கள். இச்சொற்கள் மிகச் சிலவே. ஔவை, மௌனம், கௌதாரி, பௌர்ணமி என்று முழுச் சொற்களாகப் பழக்கிவிட்டு மேலே செல்லலாம்.

‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ ஆகியவற்றைப் பிள்ளை வகுப்பில் யாரும் கற்பிக்காத வளைந்த வடிவத்தில் எழுதினால், வீட்டில் யார் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் படித்த தாத்தாவோ பாட்டியோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால், அது பிழையன்று, பழைய வடிவம். அதை அவர்களுக்கு மதிப்புக் குறையாத வகையில் விளக்கிவிட்டு, பள்ளியில் எழுத வேண்டிய வடிவத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

அறிகுறி: உகர, ஊகார வரிசையில் புதிய வடிவங்களைப் படைக்கிறது

ஆகாரத்துக்கு எங்கும் ஒரே கால், இகரத்துக்கு எங்கும் ஒரே வளைவு என்று பழகிய பிள்ளை, உகரத்துக்கு வந்ததும் அந்த ஒழுங்கு குலைவதைக் காண்கிறது. க, கா, கி, கீ என்று வாய்பாடாக ஒப்பிக்கும் பிள்ளைகூட ‘று’ என்னும் எழுத்தைத் தனியாக எழுதச் சொன்னால் தயங்கும். பதினெட்டு உகர உயிர்மெய்களையும் வடிவத்தால் குழுவாகப் பிரித்துக் கொடுங்கள். ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்திலும் கோடு கீழே இறங்குகிறது. டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஐந்திலும் கோடு கீழாக வளைந்து சுற்றுகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழிலும் கோடு அடியில் வளைந்து வலப்புறம் மேலேறி நிற்கிறது. இந்த ஏழுக்கும் ஊகாரம் எழுதும்போது அந்த முடிவில் கால் சேரும். ‘கு’ தனியே நிற்கிறது. ஒரு குழு உறுதிப்படும் வரை அடுத்ததைத் தொட வேண்டாம். ஙு, ஙூ, ஞு, ஞூ ஆகியவை பிள்ளை எழுதும் சொற்களில் வருவதில்லை என்பதால் அவற்றுக்காக நேரத்தைச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து.

அறிகுறி: பேசுவதை அப்படியே எழுதுகிறது

‘எல’, ‘கொடம்’, ‘நேத்து’, ‘மூணு’, ‘அவ வந்தா’ என்று எழுதும் பிள்ளை உண்மையில் ஒரு பெரிய தடையைத் தாண்டிவிட்டது: தான் கேட்கும் ஒலியை எழுத்தாக்கும் திறன் அதற்கு வந்துவிட்டது. குறை அந்தத் திறனில் இல்லை. எழுத்துத் தமிழில் அந்தச் சொல்லின் உருவத்தை அது இன்னும் போதிய அளவு பார்க்கவில்லை. ‘தப்பாகப் பேசுகிறாய்’ என்று சொல்லிப் பேச்சைத் திருத்த முயன்றால், பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திவிடும். ‘வீட்டில் இப்படிச் சொல்கிறோம், புத்தகத்தில் இப்படி எழுதுகிறோம்’ என்று இரண்டு பத்திகளாகக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளையே வீட்டுச் சொல்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்திகள் நிரம்ப நிரம்ப, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள மாற்றம் ஒழுங்கோடு நிகழ்வதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

அந்த ஒழுங்குகளில் முதன்மையானது இது: சொல்லின் முதலில் இகர அல்லது உகர ஒலி இருந்து அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறிவிடுகின்றன. இலை, இடம், விலை, நிறம், சிவப்பு ஆகியவை எல, எடம், வெல, நெறம், செவப்பு என்றாகின்றன. உடம்பு, உலகம், குடம், முகம், குடை ஆகியவை ஒடம்பு, ஒலகம், கொடம், மொகம், கொட என்றாகின்றன. ஆனால் இந்த ஒழுங்கைப் பிள்ளைக்கு விதியாகச் சொல்லிவிட்டால், உண்மையிலேயே எகரத்தில் தொடங்கும் சொல்லையும் அது மாற்றத் தொடங்கும். ‘செலவு’ என்பதைச் ‘சிலவு’ என்று பெரியவர்கள் பலரும் எழுதுவது இந்த மிகைத்திருத்தத்தால்தான். ஆகவே சொற்களைக் கூட்டமாகக் காட்டுங்கள். விதியை ஆசிரியர் தமக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

சொல்லின் இறுதியில் ஐகாரம் தேய்வதைக் கண்டுபிடிக்க வீட்டுப் பேச்சே துணைசெய்யும். ‘மல’, ‘தல’ என்று எழுதிய பிள்ளையிடம் ‘மலையின் மேலே’ என்பதை வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். ‘மலையில’, ‘தலையில’ என்று சொல்லும்போது மறைந்திருந்த ஐகாரம் வெளியே வந்துவிடும். ‘மரம்’, ‘அவன்’ ஆகியவற்றின் இறுதி மெய் பேச்சில் மூக்கொலியாக மட்டும் எஞ்சுவதால் ‘மர’, ‘அவ’ என்று எழுதுவதும் இதே வகைதான். ‘அவனுக்கு’ என்று நீட்டிச் சொல்லச் செய்தால் னகரம் கேட்கும்.

அறிகுறி: ல, ள, ழ மயங்குகின்றன

மயங்கொலி எழுத்துகள் எட்டு: ண, ந, ன, ல, ள, ழ, ர, ற. இவற்றை ஒரே நோயாகக் கருதி ஒரே மருந்து கொடுப்பதுதான் பெரிய தவறு. ல, ள, ழ மூன்றும் ஒலியால் வேறுபடுத்தத்தக்கவை. எனவே அங்கே காதுக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுத்தால் பயன் உண்டு. ரகர றகரங்கள் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், அங்கே உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பது பிள்ளையைக் குழப்பவே செய்யும்.

லகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு நுனி மடியும், ஆனால் எதையும் தொடாது. கண்ணாடியின் முன் நின்று பிள்ளை இதைத் தானே பார்க்கட்டும். பிறகு உங்கள் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்லி, எந்த எழுத்து என்று கேளுங்கள். கேட்டுச் சரியாகச் சொல்லும் பிள்ளை தவறாக எழுதினால், அதற்கு நினைவுப் பயிற்சிதான் வேண்டும். தென் மாவட்டங்கள் பலவற்றில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. சென்னைப் பேச்சில் யகரமாகவும் கேட்கிறது. ஆசிரியரே அப்படி ஒலித்துவிட்டு, ‘வாழை’ என்று எழுதாத பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமன்று.

வலி, வளி, வழி என்று மூன்றையும் ஒரே வரியில் அச்சிட்டுக் கொடுக்கும் பயிற்சித்தாள்களை இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். ‘வளி’ என்பது காற்று என்று பிள்ளைக்குத் தெரியாது. தெரியாத சொல் தெரிந்த சொற்களையும் சேர்த்துக் குழப்பிவிடும். முதலில் ‘புலி’ உறுதிப்படட்டும். சில வாரங்களுக்குப் பிறகு ‘புளி’ வரட்டும். சொல்வதெழுதுதலிலும் ‘வால்’ என்று தனியாகச் சொல்லாமல் ‘குரங்கின் வால்’ என்று சொல்லுங்கள்.

ழகரம் வரும் சொற்களில் பிள்ளைகள் அன்றாடம் எழுதுபவை ஒரு சுவரொட்டியில் அடங்கும்: மழை, பழம், வாழை, கோழி, ஏழு, தமிழ், வழி, எழுது, விழா, குழந்தை, கீழ், அழகு, பழைய, விழு, அழு, நிழல், மகிழ்ச்சி, கழுத்து. நாள்தோறும் கரும்பலகையில் எழுதும் கிழமையும் அதில் சேரும். அந்த வரியை ஆசிரியரே எழுதிவிடாமல் நாளுக்கு ஒரு பிள்ளையை எழுதச் செய்யுங்கள். ழகர மெய் இரட்டிக்காது என்பதால், ‘பள்ளி’, ‘பல்லி’, ‘வெள்ளி’ போன்ற இரட்டித்த இடங்களில் ழகரத்துக்கு வேலையே இல்லை.

சொல்லின் இறுதியில் வரும் பிழைகளுக்கு இலக்கணமே விடை சொல்லிவிடும். பன்மைக்கு எப்போதும் ‘கள்’. ‘பறவைகல்’ என்று வராது. பெண்பாலுக்கு ளகரம்: அவள், வந்தாள், பாடினாள். ‘அவள் வந்தாள்’ என்றால் வந்துவிட்டாள். ‘அவள் வந்தால்’ என்றால் இன்னும் வரவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை நடித்துக் காட்டி ஒரு பாடவேளை செலவிட்டால், ஆண்டு முழுவதும் அதே பிழையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அறிகுறி: ன, ண, ந மயங்குகின்றன

இங்கே மனப்பாடத்துக்கு முன் இடத்தைப் பாருங்கள். சொல்லின் முதலில் வருவது நகரம் மட்டுமே. ‘னாய்’ என்றோ ‘ணாய்’ என்றோ தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை. தகரத்துக்கு முன் ந், டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன்: பந்து, வண்டி, கன்று. இந்த எழுத்துகளுக்குத் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பெயர் வைத்ததே இந்தத் துணையைப் பார்த்துத்தான். மூன்று சுழி, இரண்டு சுழி என்று மட்டும் சொல்லிப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு வடிவம் நினைவிருக்கும், இடம் நினைவிருக்காது. எனவே இந்தப் பழைய பெயர்களைப் பயன்படுத்துங்கள். ‘மன்டபம்’, ‘கண்று’, ‘வன்டி’ ஆகிய பிழைகள் அத்தோடு நின்றுவிடும்.

உயிரொலிகளுக்கு இடையில் வரும் இடம்தான் எஞ்சும்: பனி, பணி, ஆனி, ஆணி, மனம், மணம். இவற்றைப் பொருளோடும் ஒலியோடும் பழக்க வேண்டும். நான்காம் வகுப்பில் எண்ணுப்பெயர் எழுதும்போது 300 என்பது ‘முந்நூறு’ என்பதைத் தனியே காட்டிவிடுங்கள். சொல்லின் நடுவில் நகரம் இரட்டித்து வரும் சில இடங்களில் அது ஒன்று.

அறிகுறி: ர, ற மயங்குகின்றன

‘பெரிய ற’, ‘சின்ன ர’ என்று சொல்லி அழுத்தி உச்சரித்துக் காட்டுவதால் பிள்ளை சொல்வதெழுதுதலில் மட்டும் தப்பிக்கும். தானாக எழுதும்போது அந்த அழுத்தம் கேட்காது. முதலில் ஐயத்துக்கே இடமில்லாத இடங்களை நீக்கிவிடுங்கள். றகரம் சொல்லுக்கு முதலிலும் வராது, மெய்யாகச் சொல்லின் இறுதியிலும் வராது. ஆகவே நீர், வேர், பெயர் எல்லாம் ரகரமே. ரகர மெய் இரட்டிக்காது. ஆகவே வெற்றி, காற்று, சுற்றி எல்லாம் றகரமே. னகர மெய்க்குப் பின் றகரமே.

மீதமுள்ளவற்றில் உகரத்தில் முடியும் பெயர்ச்சொற்களுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு, அதுவும் வீட்டுப் பேச்சிலிருந்தே வருகிறது. ‘ஆறு’ என்பதா ‘ஆரு’ என்பதா என்று ஐயுறும் பிள்ளையிடம், ‘ஆற்றில்’ என்பதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். ‘ஆத்துல’ என்று சொல்லும். வயிறு ‘வயித்துல’, சோறு ‘சோத்துல’, கிணறு ‘கெணத்துல’, கயிறு ‘கயித்துல’. தகரம் இரட்டித்தால் எழுத்தில் ‘ற்ற’. மூலச் சொல்லில் றகரம். ‘தெரு’ என்பதோ ‘தெருவுல’ என்றுதான் வரும். இந்தச் சோதனையை வினைச்சொற்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்: ‘பார்த்தான்’, ‘சேர்த்தான்’ ஆகியவையும் பேச்சில் ‘பாத்தான்’, ‘சேத்தான்’ என்றே வருகின்றன.

இதற்கும் அப்பால் இருப்பவை சொற்குடும்பமாகக் கற்க வேண்டியவை. ‘அறி’ ஒன்றைக் கற்றால் அறிவு, அறிஞர், அறிக்கை, அறிவியல், அறிவிப்பு அனைத்தும் அதனுடன் வருகின்றன. ‘நிறை’ கற்றால் நிறைய, நிறைவு, நிறைந்த வருகின்றன. ‘மற’ கற்றால் மறதி, மறந்தான் வருகின்றன. அரை, அறை போன்ற இணைகளை நான்காம் வகுப்புக்கு முன் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: ஒற்று மிகுதியாகவோ குறைவாகவோ வருகிறது

‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘காட்ச்சி’ ஆகிய பிழைகளைச் செய்யும் பிள்ளை, ‘வளர்ச்சி’, ‘மகிழ்ச்சி’ ஆகியவற்றைச் சரியாக எழுதக் கற்ற பிள்ளை. கற்ற ஒன்றைத் தவறான இடத்துக்கு நீட்டிக்கிறது, அவ்வளவே. ய், ர், ழ் ஆகிய மூன்றுக்குப் பின்தான் இன்னொரு வல்லின மெய் சேர்ந்து நிற்க முடியும்: வாய்ப்பு, உணர்ச்சி, வாழ்க்கை. ட், ற் ஆகியவற்றுக்குப் பின் அது நிற்காது: கட்சி, நட்பு, முயற்சி, கற்பனை. இரண்டு பத்திகளாக எழுதிக்காட்டினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

சொற்களுக்கு இடையே மிகும் வல்லினம் வேறு பாடம். மூன்றாம் வகுப்பு வரை அதைப் பிழையாகக் குறிக்க வேண்டாம். நான்காம் வகுப்பிலிருந்து மூன்று இடங்கள் போதும்: அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின் (அந்தப் பையன்), ‘ஐ’ உருபின் பின் (பாடத்தைப் படி), ‘கு’ உருபின் பின் (பள்ளிக்குப் போ). ‘எழுத்துகள்’, ‘எழுத்துக்கள்’ போன்றவற்றில் அறிஞர்களிடையேயே கருத்து வேறுபாடு இருப்பதால், அதற்காகப் பிள்ளையின் தாளில் சிவப்பு மையைச் செலவிட வேண்டாம்.

அறிகுறி: சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து, கட்டுரையில் அதே சொற்கள் தவறு

முந்தைய இரவு மனப்பாடம் செய்த பத்துச் சொற்கள் அடுத்த நாள் மாலையில் மறந்துபோகின்றன. சொல்வதெழுதுதலின் அமைப்பை மாற்றுங்கள்: இவ்வாரச் சொற்கள் ஐந்து, சென்ற வாரத்தவை மூன்று, சென்ற மாதத்தவை இரண்டு. வீட்டுப்பாடமாகப் பத்து முறை எழுதுவதற்குப் பதிலாக, சொல்லைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, தாளால் மூடி, நினைவிலிருந்து எழுதி, திறந்து ஒப்பிடுதல் என்னும் முறையில் இரண்டு அல்லது மூன்று முறை எழுதச் சொல்லுங்கள். பிள்ளையே தன் பிழையைக் கண்டுபிடிப்பது இதன் பயன்.

கட்டுரை எழுதும்போது எழுத்துப் பிழையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எழுதி முடித்த பின், முடிந்தால் மறுநாள், கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கிப் படித்துச் சரிபார்க்கச் செய்யுங்கள். பின்னிருந்து படித்தால் பொருள் இழுத்துச் செல்லாது, எழுத்து கண்ணில் படும். ஒருமுறை சரிபார்க்கும்போது ஒரு வகைப் பிழையை மட்டும் தேடட்டும். ஆசிரியரும் ஒரு பக்கத்தில் உள்ள எல்லாப் பிழைகளையும் வட்டமிடாமல், ஒரே வகையைச் சேர்ந்த மூன்றை மட்டும் குறித்தால் பிள்ளைக்கு எதைக் கற்க வேண்டும் என்பது தெளிவாகும்.

அறிகுறி: எந்த வகையிலும் அடங்காத பிழைகள், மாதக்கணக்கில் மாற்றமில்லை

புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் எழுத்துகளை விட்டுவிட்டால், முதல் வேலை கண் பரிசோதனை. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுவதும் இதன் அடையாளங்கள். பின்னதை ஏமாற்று வேலை என்று தண்டித்துவிட வேண்டாம். கேட்டு எழுதும்போது மட்டும் சொற்கள் சிதைந்தால், அடிக்கடி ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்டால், அல்லது காதில் சீழ் வடிந்தால், காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் பிள்ளையாக இருந்தால், ‘கல்’, ‘தங்கம்’, ‘நகம்’ ஆகிய மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே என்பதை யாராவது அதற்குச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கண்ணும் காதும் நன்றாக இருந்து, முறையான பயிற்சியும் கிடைத்து, மூன்றாம் வகுப்பின் இறுதியிலும் எழுதுவதோடு படிப்பதும் மிகக் கடினமாகவே இருந்தால், கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ முடிவுகட்டாமல், வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரை அணுகுங்கள். போகும்போது மதிப்பெண் பட்டியலைவிட, தேதியிட்ட குறிப்பேட்டுப் பக்கங்களையும், பார்த்து எழுதியது, கேட்டு எழுதியது, தானாக எழுதியது ஆகிய மூன்று தாள்களையும் திருத்தாமல் எடுத்துச் செல்லுங்கள். அவர் தம் வேலையைத் தொடங்க வேண்டியது அந்தத் தாள்களிலிருந்துதான்.